பட்டியலில் செவிலியருக்கு இடமில்லையா?



2025-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியும் பெற்றவள். திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வந்து, "ஃபாதர், மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போறேன். ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்றாள். செவிலியர் முதுநிலைப் பட்டத்தையும் பொது சுகாதார முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்துத் தரும் இரட்டைப் பட்டப் படிப்பாம்.

"ஒன்று போதாதாம்மா, எதற்கு இரண்டு?" என்று கேட்டேன்.

"சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தர் காலில் புண்ணோட வருவார், ஃபாதர். சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்புவோம். மூணு மாசத்துல திரும்பி வருவார். அப்போ ஒரு விரல் இருக்காது. கட்டுப் போட எனக்குத் தெரியும். அவர் ஏன் திரும்பத் திரும்ப வர்றார்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவளுடைய பதிலில் அந்தப் படிப்பின் நோக்கம் முழுவதும் இருந்தது. செவிலியர் படிப்பு, கட்டிலில் கிடக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கக் கற்றுத் தருகிறது. பொது சுகாதாரப் படிப்போ அந்த நோயாளி வந்த தெருவைப் பார்க்கக் கற்றுத் தருகிறது. நோய் எப்படிப் பரவுகிறது, புள்ளிவிவரம் என்ன சொல்கிறது, தண்ணீரும் காற்றும் எப்படி இருக்கின்றன, அரசின் கொள்கை ஏழையைச் சென்று சேர்கிறதா, மக்களின் பழக்கங்கள் எப்படி மாறும் என்பவையே அதன் பாடங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி போன்ற பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் இணைத்துக் கற்பித்து வந்துள்ளன. சில பாடங்கள் இரு பட்டத்துக்கும் பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படுவதால், தனித்தனியாகப் படிப்பதைவிடக் காலம் குறையும்.

ஆனால் அந்த மகளின் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. காரணம் பணம்.

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு பெரிய வரி, செலவுச் சட்டம், மாணவர் கடனையும் மாற்றியமைத்தது. 2006 முதல் முதுநிலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசிடம் கடன் பெற ஒரு திட்டம் இருந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்தத் திட்டம் கிடையாது என்றது சட்டம். அதற்குப் பதிலாக இரண்டு வரம்புகளை வைத்தது. தொழில்முறைப் பட்டம் படிப்பவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். மற்ற முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர்.

அப்படியானால் தொழில்முறைப் பட்டம் எது? இதை முடிவு செய்யக் கல்வித் துறை அமைத்த குழு, 2025 நவம்பரில் ஒரு வரையறைக்கு உடன்பட்டது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், கால்நடை மருத்துவம், சட்டம், கண் பார்வை இயல், மருத்துவ உளவியல் முதலியவை அதில் இடம்பெற்றன. செவிலியர் படிப்பு இடம்பெறவில்லை. பொது சுகாதாரமும் இடம்பெறவில்லை. அதாவது, இந்த மகள் விண்ணப்பிக்க விரும்பிய இரண்டு பட்டங்களுமே பட்டியலுக்கு வெளியே!

அந்தப் பட்டியலில் இடம்பெற்ற இன்னொரு படிப்பு எது தெரியுமா? இறையியல். ஆம், குருமடத்தில் நான் படித்த அதே இறையியல். செய்தியை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கூச்சம்தான் வந்தது. நோயாளிகளைச் சந்திக்க நான் மருத்துவமனைக்குப் போகும்போது, நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி விடுகிறேன். இரவு முழுவதும் அந்தக் கட்டிலருகே நிற்பவர் செவிலியர்தானே!

நியாயமாகப் பேச வேண்டுமானால், அரசின் தரப்பையும் கேட்க வேண்டும். இது கடன் வரம்புக்கான சொல் மட்டுமே, எந்தத் தொழிலின் மதிப்பையும் குறைப்பதல்ல என்று கல்வித் துறை விளக்கியது. செவிலிய மாணவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்டு வரம்புக்குக் கீழேதான் கடன் பெறுகின்றனர் என்றும் கூறியது. கடன் தாராளமாகக் கிடைப்பதால்தான் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன என்ற வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அமெரிக்கச் செவிலியர் சங்கமும் பொது சுகாதாரப் பள்ளிகளின் கூட்டமைப்பும் இதை எதிர்த்தன. வசதியுள்ளவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் தனியார் வங்கியின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதிலும் இரட்டைப் பட்டம் என்றால் செலவு கூடுதல், கடன் வரம்போ அதற்காகக் கூடுவதில்லை.

2020-ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டில் கொரோனா வந்தது. மார்ச் 22 மாலையில் நாம் வீட்டு வாசலில் நின்று கைதட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். கைதட்டுவதற்குச் செலவில்லை. படிக்க வைப்பதற்குச் செலவு உண்டு. ஒரு சமூகம் யாரை உண்மையாக மதிக்கிறது என்பதை அதன் கைதட்டலில் அல்ல, அதன் பணப்பையில்தான் பார்க்க வேண்டும்.

செவிலியப் பணியும் பொது சுகாதாரமும் ஒன்றுசேர்வது புதிய யோசனையும் அல்ல. 1633-இல் பாரிஸ் நகரில் புனித வின்சென்ட் தெ பவுலும் புனித லூயிஸ் தெ மரிலாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர், மடத்துச் சுவருக்குள் இருந்துவிடாமல் ஏழை நோயாளிகளின் வீடு தேடிச் சென்றனர். 1893-இல் நியூயார்க்கில் லில்லியன் வால்டு என்ற இளம் செவிலியர், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியிலேயே போய்த் தங்கினார். பொது சுகாதாரச் செவிலியர் என்ற பெயரே அவரால்தான் வழக்குக்கு வந்தது. நம் தமிழகத்திலும் கிராம சுகாதாரச் செவிலியர் தெருத்தெருவாக நடந்து, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்கிறாரே, அவர் கையில் இருப்பதும் இந்த இரட்டைப் பணிதான். பட்டத்தின் பெயர் மட்டும் வேறு.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் செவிலியர் படிப்புக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் இத்தகைய மேல்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்பலாம். அவர்களுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்.

முதலாவது, மேலே சொன்ன அரசுக் கடன் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கும் உரியது. மாணவர் விசாவில் செல்வோருக்கு அது கிடையாது. எனவே இங்கே வீட்டை அடமானம் வைக்குமுன், இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன, உதவித்தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, இரட்டைப் பட்டம் என்றாலும் பெரும்பாலும் செவிலியர் பள்ளிக்கும் பொது சுகாதாரப் பள்ளிக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் பெற வேண்டும். ஒன்றில் மட்டும் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை முன்பே கேளுங்கள். இரு பள்ளிகளுக்கும் உரிய அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி உள்ள பிரிவானால், அந்த மாநிலத்தின் செவிலியர் உரிமம் கேட்பார்கள். அதற்கு என்கிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும்.

மூன்றாவது, நோக்கக் கட்டுரை. ஏன் இரண்டும் வேண்டும் என்பதே அதில் அவர்கள் தேடும் பதில். "சேவை செய்ய ஆசை" என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி, அவர் ஏன் மீண்டும் வந்தார் என்பதைப் பற்றி எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பங்குத்தந்தையிடம் வருவதைவிட, உங்களுக்குப் பாடம் சொன்ன பேராசிரியரிடமும் உங்கள் வேலையை நேரில் கண்ட மேற்பார்வையாளரிடமும் செல்வது நல்லது. நான் எழுதினால் நீங்கள் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவீர்கள் என்றுதான் எழுத முடியும்!

நான்காவது, வெளிநாடு ஒன்றே வழி அல்ல. சமூக நலச் செவிலியர் முதுநிலைப் படிப்பு நம் ஊரிலேயே உண்டு. பொது சுகாதார முதுநிலைப் படிப்பு திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதலே நடந்து வருகிறது.

நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். அவர் காயத்துக்குக் கட்டுப் போட்டதோடு போய்விடவில்லை. சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். அந்த இரக்கம் வரம்பு குறிக்கவில்லை. அரசுகள் வரம்பு வைக்கத்தான் செய்யும், அவற்றுக்கு வரவு செலவுக் கணக்கு உண்டு. ஆனால் நாம்? திருவிழாவின் வாணவேடிக்கைக்கு நன்கொடை திரட்டும் நாம், ஆண்டுக்கு ஒரு செவிலிய மாணவியின் படிப்புக்கு ஏன் திரட்டக் கூடாது?

அந்த மகள் விடைபெறும்போது, "எவ்வளவு கடன் கிடைக்கும்னு தெரியலை, ஃபாதர். ஆனா விண்ணப்பம் போட்டுடுவேன்" என்றாள். அவளுக்காக ஜெபிப்போம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இந்தப் பொருளை நான் முன்வைக்கப் போகிறேன். நீங்களும் யோசித்துவிட்டு வாருங்கள்.