தெரியாது என்ற வாதம் செல்லாது

இயற்கை வாயுவைக் கப்பலேற்ற வேண்டுமாயின், சைபருக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்குதல் வேண்டும். அப்பொழுது அதன் கனவளவு அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இவ்வேலையைச் செய்யும் கருவியே வெப்பமாற்றி. அலுமினியத் தகடுகளுக்கிடையே நெளிதகடுகளை அடுக்கி, சூளையிலிட்டு ஒட்டவைத்து, ஒரே பெட்டியாக்குகின்றனர். அடுத்தடுத்த அடுக்குகளில் வாயுவும் குளிர்பொருளும் எதிரெதிராக ஓடுகின்றன. சிறிய இடம், பெரிய வேலை! சாதாரண உருக்கு கடுங்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும், அலுமினியம் நொறுங்காது. அதனாலேயே அதனைத் தேர்ந்தனர்.

ஆயினும் அலுமினியத்துக்கு ஒரு பகை உண்டு. அதுவே பாதரசம். சில வாயுக் கிணறுகளில் அது வாயுவோடு சிறிதளவு கலந்து வருகின்றது. அலுமினியத்தின் மேற்படலத்தில் ஒரு கீறல் கிடைத்தாற் போதும், உட்புகுந்து உலோகத்தின் வலிமையைக் குலைத்துவிடும். நெல் மூட்டையில் அந்து விழுந்த கதைதான். வெளியே மூட்டை முழுதாகவே தோன்றும். குளிரில் உறைந்து கிடக்கும் பாதரசம், ஆலையை நிறுத்திச் சூடேறவிடும் வேளையிலே விழித்தெழுகின்றது.

1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் அலுமினிய வெப்பமாற்றி பாதரசத்தாற் பழுதுற்றது. அன்றே உலகம் அறிந்துகொண்டது. பரிகாரமும் கிடைத்தது: கந்தகமூட்டிய கரிப்படுக்கையினூடாக வாயுவை முதலிற் செலுத்தினால் பாதரசம் அங்கேயே பிடிபடும். அவ்வாறிருந்தும் 2004 ஜனவரி 1ஆந் திகதி, தென் அவுஸ்திரேலியாவின் மூம்பா வாயு ஆலையில் வெப்பமாற்றியின் வாயிற்குழாய் பிளந்து, வாயு வெளியேறித் தீப்பற்றியது. காரணம் அதே பாதரசம்! உயிர்கள் தப்பின, தென் அவுஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்சும் வாயுவின்றி இடருற்றன.

நியாயமான ஒருவன் இவ்வாபத்தை முன்கூட்டி உணர்ந்திருப்பானா என்பதே கவனயீன வழக்கிற் சட்டம் கேட்கும் வினா. 1973க்கு முன்னர் இல்லையென்று விடையிறுக்க இடமிருந்திருக்கலாம். முப்பத்தொரு வருடங்களின் பின்னரும் அவ்விடை செல்லுமா? செல்லாது என்பதே நமது துணிபு.

2011இல் மன்னார்க் கடற்படுகையிலும் எரிவாயு கண்டறியப்பட்டது. அதனை எடுக்க எக்கம்பெனி வந்தாலும், கிணற்று வாயுவிலுள்ள பாதரசத்தின் அளவு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டுமென ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். ஆலை எழும்பிய பின்னர் மன்றாடுவதிற் பயனில்லை. பிடிபட்ட பாதரசத்தை எங்கே கொண்டுசென்று ஒழிப்பது என்பதும் அதிலே இடம்பெறட்டும். அக்கடலில் வலை வீசுவோர் அதனைக் கேட்க முழு உரிமையுடையவர்கள்.