பற்சுகாதாரப் பணியாளரும் அவர்தம் மனத்திருப்தியும்

நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் பலர் வைத்தியத் துறையை நாடுகின்றனர். வைத்தியர், தாதியர், மருந்தாளர் என்னும் பெயர்களை அறியாதார் இலர். ஆயின், பற்சுகாதாரப் பணியாளர், அதாவது டென்டல் ஹைஜீனிஸ்ட், என ஒருவர் உளர் என்பதை நம்மில் அறிந்தார் எத்துணைப் பேர்? பிறர் அறியாமையே அவருக்குள்ள குறைகளுள் முதற்குறை என்று நாம் எண்ணுகின்றோம். ஆதலின், தருமபுரி ஜில்லாவை முன்வைத்து அவர்தம் நிலையைக் குறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

இத்தொழில் மிகப் பழையதன்று. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் வைத்தியராகிய ஆல்பிரட் போன்ஸ் என்பார், பல் கெட்டபின் பிடுங்குவதினும் கெடுமுன் காப்பதே நன்றெனக் கருதி, 1906-ஆம் ஆண்டில் தம் உதவியாளராகிய ஐரீன் நியூமன் என்னும் மாதரசியைப் பயிற்றுவித்தார். 1913-ல் இதற்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார். அதிற் பயின்றார் பலர் அந்நகரத்துப் பாடசாலைகளுக்குச் சென்று சிறுவர்க்குப் பல் துலக்கக் கற்பித்தனர். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் வைத்தியர் சட்டம், பல்லிற் படிந்த காரையை அகற்றித் துப்புரவு செய்து மெருகிடுவாரையும், பற்சுகாதாரத்தைப் போதிப்பாரையும் இப்பெயரால் குறித்து, அவர்க்குப் பதிவேடும் வகுத்தது. அச்சட்டத்திற்குப் பதிலாகப் பாராளுமன்றம் 2023-ல் புதுச்சட்டம் ஒன்றை இயற்றியது. எனவே, துப்புரவும் போதனையும் இப்பணியாளருக்கு இரு கைகள் போல்வன.

இவ்விரண்டனுள் போதனையை நம் தமிழ்நாட்டில் மிகுதியும் வேண்டி நிற்பது தருமபுரிச் சீமையே என்னலாம். பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளிற் பாறையினூடே ஊறும் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு அளவிற்கு மிஞ்சிக் கலந்திருக்கின்றது. லிட்டர் ஒன்றிற்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பல் உருவாகும் இளம் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதிற்குள், இந்நீரை நெடுநாட் பருகிய குழந்தையின் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. இக்குறையை நீக்கும் பொருட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும், முன்னரே படிந்த கறை பல்லைவிட்டு அகல்வதில்லை.

இங்கேதான் பற்சுகாதாரப் பணியாளரின் மனவருத்தமும் பிறக்கின்றது. பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைக்கும் ஒரு பெண் அவர்முன் வந்தமர்ந்து, "இதைச் சுத்தஞ்செய்து விடுங்கள்" என வேண்டுவாளாயின், அவர் யாது செய்வார்? ஈறருகிற் படிந்த காரையை அவர் அகற்றலாம். பல்லின் மேலோட்டினுள்ளே ஊறிய கறையைச் சுரண்டி எடுத்தல் இயலாது. அதை ஓரளவு மறைக்கும் முறைகள் பல் வைத்தியர் கையில் உள்ளன. இவ்வுண்மையைப் பொறுமையுடன் எடுத்துக்கூறி, இது அவள் பல் துலக்காத குற்றமன்றென்று தேற்றி, வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கு ஆற்றுநீரையே குடிக்கவும் சமைக்கவும் கொடுக்கவேண்டுமென்றும், கிணற்று நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காதென்றும் உணர்த்துவாராயின், ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையையே அவர் காத்தவராவார். இதனினும் பெரிய திருப்தி வேறு யாதுளது?

ஆனால் இதற்கு அவருக்கு நேரம் அளிப்பார் யார்? ஈராண்டு பயின்று பதிவு பெற்றவர், பலவிடங்களில் கருவிகளைக் கழுவுதற்கும் நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுதற்குமே ஏவப்படுகின்றார். 2014-ஆம் ஆண்டு முதலாகிய தேசிய வாய்ச் சுகாதாரத் திட்டத்தில் இவருக்கு இடமளிக்கப்பட்டுளது. எனினும் அதுவும் ஒப்பந்த முறைப்பட்டதே. நாள் முழுதும் குனிந்து வேலை செய்தலாற் கழுத்தும் முதுகும் நோகின்றன. கருவி சிதறும் நீர்த்திவலையும் இரத்தமும் நோய் தொற்றும் அச்சத்தைத் தருகின்றன. ஊக்கத்துடன் புகுந்தவர் சில ஆண்டுகளில் வேறு தொழில் தேடிச் செல்வாராயின், அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

"பல் வைத்தியப் பட்டம் பெற்றவரே ஏராளமாக இருக்கின்றனரே, காரை அகற்றும் வேலையை அவரே செய்யாரோ?" எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பட்டதாரிகள் பெரும்பாலும் நகரங்களையே நாடுகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. அன்றியும், சிகிச்சைக்கு வந்தாரைக் கவனிப்பதிலேயே அவர்தம் பொழுது கழியும். அரூர்ப் பக்கத்துக் கிராமப் பாடசாலையில் மாணவரை வரிசையாய் இருத்திப் பல்லையும் நீரையும் பற்றிப் பாடம் சொல்லும் வேலை அதனால் எவருக்கும் உரியதாகாமல் கிடக்கின்றது. அதை அதற்கெனப் பயின்றவரிடம் ஒப்புவிப்பது வைத்தியருக்கும் துணையேயாகும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. பயின்ற வேலையையே அவருக்குக் கொடுத்தல் ஒன்று. நிலையான உத்தியோகமும், குடும்பம் நடத்தப் போதிய சம்பளமும், கல்லீரல் அழற்சித் தடுப்பூசியும் கையுறையும் முகமூடியும் போன்ற காப்பும் அளித்தல் இரண்டு. வாரத்திற் சில நாளேனும் பாடசாலைகளுக்கு அவரை அனுப்புதல் மூன்று. சம்பளமின்றிப் புகழ் மட்டும் தருதல் வஞ்சனை. தொழிலுக்குரிய மதிப்பின்றிச் சம்பளம் மட்டும் தருதலோ மனத்தை நிறைக்கமாட்டாது.

சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் சரிதையைச் சிற்றாலயத்தில் கேட்டு வளர்ந்தவர் நாம். பிறர் உடலைத் துப்புரவு செய்யும் தொழில் இழிவென்று கருத நமக்கு இடமில்லை. இன்று பயிலும் மாணவர் இத்தொழிலையும் ஆராய்ந்து பார்ப்பாராக. வைத்தியசாலைகளை நடத்தும் நம் பழைய மாணவர், தம்மிடமுள்ள பற்சுகாதாரப் பணியாளர் இன்று செய்த வேலை யாதென நாளையே விசாரித்தறிவாராக.