அட்டையில் அச்சாகாத பாதி

காலை நாலே முக்காலுக்கு, நான் எழுந்திருப்பதற்கு முன்பே, என் கைபேசி எழுந்துவிடுகிறது. உதய சூரியன், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ, நடுவில் ஒரு வேத வசனம், அடியில் 'ஆமென் சொல்லிப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்ற கட்டளை. கேளம்பாக்கத்தில் பால் பாக்கெட் வருவதற்குள் இப்படி ஏழெட்டு வந்து சேர்ந்துவிடும். அனுப்புகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், என் வயதுக்காரர்கள், சிலர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்திலேயே உட்காருகிறவர்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். எழுபத்து நாலு வயதாகிவிட்டது, இனிமேலும் சும்மா இருந்தால் சொல்லாமலே போய்விடுவேன். ஆகவே சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு வசனம் என்று படிப்பது வேதம் படிப்பதே அல்ல. சில சமயம் அது ஆளைக் காயப்படுத்தவும் செய்யும்.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், என் வீட்டில் நடந்ததை வைத்துத்தான்.

நான் புதுச்சேரிக் கத்தோலிக்கன். என் மனைவி தாம்பரத்துப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் இரண்டு வேதப் புத்தகங்கள் உண்டு: அவளுடைய பழைய வேதாகமம், என்னுடைய 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம். அவள் சங்கீதம் என்பாள், நான் திருப்பாடல் என்பேன். இதற்காக நாற்பது வருடத்தில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆன வருடம், புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தாள். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள், அந்த வருடம் முழுவதும் அதுதான் அவரவருக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. அவளுக்கு வந்தது எரேமியா 30:17. ஆரோக்கியம் வரப்பண்ணுவேன், காயங்களை ஆற்றுவேன் என்ற பொருளில் வரும் வசனம். வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும் அந்த அட்டையைப் பார்த்து, "சிஸ்டர், கர்த்தர் உங்களுக்கு எழுதியே கொடுத்துட்டார், இனி என்ன பயம்?" என்றார்கள். ஃபிரிட்ஜின் மேல் அந்த அட்டையை ஒட்டினாள். தினமும் அதே வசனத்தை யாராவது ஒருவர் கைபேசியில் அனுப்புவார்.

ஆடி மாதம் நிலைமை மோசமானது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவள் கேட்டாள்: "ஏங்க, எனக்கு விசுவாசம் பத்தலையோ?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் இன்றைக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாதி கொடுத்த வலி ஒன்று. அதற்கு மேல், தன் குறையால்தான் வாக்குத்தத்தம் பலிக்கவில்லை என்ற வலியை ஓர் அட்டை கொடுத்தது. அட்டை பொய் என்று அவளால் நினைக்க முடியாது, அது வேத வசனம். அப்படியானால் பிசகு தன்னிடம்தானே இருக்கவேண்டும்? கணக்கு சரியாகத்தான் போட்டாள். அவள் கையில் கொடுக்கப்பட்ட தொகைதான் தப்பு.

மறுநாள் நான் எரேமியா 30-ஐ முழுக்க எடுத்துப் படித்தேன். அந்த வசனத்தில் அட்டைக்காரர் அச்சடித்தது பாதிதான். மீதிப் பாதியில், தள்ளுண்டவள், கேட்பாரற்றவள் என்று ஊரார் பேசும் சீயோனுக்குச் சொல்வதாக வருகிறது. ஒரு நகரத்துக்கு, தோற்றுச் சிதறிப்போன ஒரு ஜனத்துக்குச் சொன்ன சொல் அது. ஐந்து வசனம் முன்னால் போனால், 12-ஆம் வசனத்தில் அதே ஜனத்தைப் பார்த்து, உன் புண் ஆறாத புண் என்று ஆண்டவரே சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கு ஒரு பொருள் கிடைக்கும். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருப்பவள் கையில் கொடுத்தால், அது மருந்துச் சீட்டில் பாதியைக் கிழித்துக் கொடுத்த மாதிரி.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-லும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுதான். அங்கே 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். வாத்தியார் முதலில் கேட்பது அதன் அழகையோ கருத்தையோ அல்ல. இது நூலில் எந்த இடத்தில் வருகிறது? இதற்கு முன்னால் என்ன நடந்தது? யார், யாரிடம் சொல்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் எவனாவது கருத்துச் சொல்ல ஆரம்பித்தால், "உட்கார்" என்பார். பதினோரு வயதுப் பையனுக்கே கருத்துச் சொல்லும் உரிமை அந்த மூன்று பதிலுக்கு அப்புறம்தான்.

பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். அங்கேயும் அதே பாடம். சேர்ந்த புதிதில் ஒரு கோப்பில், அரசாணையின் 4-ஆம் பத்தியை மட்டும் மேற்கோள் காட்டிக் குறிப்பு எழுதி வைத்தேன். கண்காணிப்பாளர் கோப்பை என் மேசைமேல் போட்டு, "அஞ்சாம் பத்தியைப் படிச்சியாய்யா?" என்றார். 5-ஆம் பத்தியில், மேற்படி சலுகை இன்னின்ன நேர்வுகளுக்குப் பொருந்தாது என்று இருந்தது. சாதாரணப் பயணப்படிக்கே முழு ஆணையையும் படிக்கவேண்டும். ஆத்துமத்துக்கு அரை வரி போதுமா?

இந்த வசன எண்களையும் யோசித்துப் பாருங்கள். பவுல் தன் கடிதங்களுக்கு எண் போட்டு அனுப்பவில்லை. இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது; பாரீஸில் பாடம் சொன்ன ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். பழைய ஏற்பாட்டில் வாக்கிய முடிவுக் குறிகள் முன்பே உண்டு. ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைப் போட்டவர் ரொபேர் எத்தியேன் என்ற பாரீஸ் அச்சகக்காரர். ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1551-இல் அச்சிட்ட பதிப்பில் போட்டார். தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று போட்ட எண் அது. வீட்டுக் கதவு இலக்கம் மாதிரி. இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவனை விருந்தாளி என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் தலைமுறைக் கத்தோலிக்கருக்கு இந்தப் புத்தகம் லேசில் கைக்கு வரவில்லை. என் சின்ன வயதில் பூசை லத்தீனில். வீட்டில் ஜெபப் புத்தகமும் புனிதர் சரித்திரமும் இருக்கும், விவிலியம் இருக்காது. 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், விசுவாசிகள் எல்லாரும் விவிலியத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்று வற்புறுத்திய பிறகே எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. புரொட்டஸ்டன்ட் நண்பர்களுக்கோ அது இன்னும் பழைய சொத்து. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-இல் அச்சு வேலையை முடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்து வந்த அச்சு எந்திரம் சென்னை வேப்பேரிக்குப் போய், ஃபப்ரீசியுஸ் பாதிரியார் கைக்கு வந்தது. எங்கள் ஊர் எந்திரம் உங்கள் வேதத்துக்கு உழைத்திருக்கிறது என்று என் மனைவியிடம் பெருமை பேசுவேன். இத்தனை பேர் ஆயுளைக் கொடுத்து முழுப் புத்தகத்தைத் தமிழில் தந்தது, நாம் அதைக் கத்தரித்து ரோஜாப்பூ மேல் ஒட்டுவதற்கா?

"ஐயா, பெரியவர்களும் தினம் ஒரு வசனம் கொடுத்திருக்கிறார்களே" என்று ஒருவர் கேட்டார். உண்மை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு அந்த வழக்கத்தைத் தொடங்கினார். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. ஆனால் அந்த ஊரில் வசனத்தை ஒரு சகோதரர் காலையில் வீடு வீடாக நடந்து கொண்டுபோய்ச் சொல்வார். கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துவிடும். வசனத்தோடு ஒரு மனிதனும் வந்தான். நமக்கு வருவது வசனம் மட்டும். எனக்குத் தினமும் வசனம் அனுப்பும் நண்பர் ஒருவர், என் மனைவி இறந்து நாலு மாதம் கழித்தும் 'சகோதரிக்குப் பூரண சுகம்' என்று அவள் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கண் புரையோடு முழு அதிகாரம் படிக்க முடியுமா? வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஆறு மணிக்கே பேருந்து பிடிக்கிறார்களே, ஒரு வசனமாவது போகட்டுமே" என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. பசித்தவனுக்கு ஒரு கவளமும் சோறுதான். ஆனால் முப்பது வருடமாக ஒரு கவளத்தையே சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தால் உடம்பு என்னாகும்? புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு ஒன்று என்றாலும் மூன்றேகால் வருடத்தில் முடியும். பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் மொத்தமே நாலு அதிகாரம், 104 வசனம். கேளம்பாக்கம் சந்திப்பில் சிக்னலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பாதி முடிந்துவிடும். கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். இருவருக்கும் நல்லது.

அதே பிலிப்பியர் 4:13, எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்ற பொருளில், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பேனா டப்பாவில் ஒட்டப்படுகிறது. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பட்டினி கிடக்கவும் பழகிக்கொண்டேன் என்கிறார். அதை எழுதியபோது அவர் சிறையில் இருந்தார். ஜெயிப்பதற்கான பெலனைப் பற்றி அல்ல, இல்லாமையைத் தாங்கும் பெலனைப் பற்றி அவர் பேசுகிறார்.

இன்னொன்று, அட்டைகளின் அரசன், எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் தருவேன் என்ற வாக்கு. ஒரு வசனம் முன்னால் பாருங்கள்: அதற்கு எழுபது வருடம் ஆகும் என்று இருக்கிறது. பாபிலோனில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரன், தான் ஊர் திரும்பப்போவதில்லை என்று அன்றே தெரிந்துகொண்டான். 28-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று ஜனங்களுக்கு இனிப்பாகச் சொன்னவன் அனனியா. அவனைத்தான் வேதம் பொய்த் தீர்க்கன் என்கிறது. சீக்கிரம் நடக்கும் என்று சொன்னவன் பொய்யன், காத்திரு என்று சொன்னவன் மெய்யன். இதை எந்த அட்டையில் போடுவார்கள்?

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வந்து சேர்ந்த பட்டணத்தின் நலனைத் தேடுங்கள் என்ற பொருளில் 5 முதல் 7 வரை வருகிறது. உப்பளத்துக் காற்று வீசிய கேளம்பாக்கத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. எங்கெங்கிருந்தோ வந்து இங்கே குடியேறிய நமக்கென்றே எழுதினது போல இருக்கிறது அந்த மூன்று வசனம். ஆனால் 11-ஆம் வசனத்தைப் பகிரும் நண்பர்களை, தண்ணீர் லாரிக் கணக்குக்காகவோ, காவலாளிக்கு ஒரு கழிப்பறை கட்டவோ கூட்டம் போட்டால் காணோம். வாக்குத்தத்தம் நமக்கு, வேலை அடுத்தவருக்கு என்று பிரித்துக்கொள்ள ஒற்றை வசனம் மிக வசதி.

கோபித்துக்கொள்ளாதீர்கள்: தட்டில் கவிழ்த்து வைத்த அட்டையில் ஒன்றை எடுப்பதற்கும் கிளி ஜோசியத்துக்கும் எனக்கு ஒரே வித்தியாசம்தான் தெரிகிறது. கிளியிடம் சில சமயம் கெட்ட சீட்டும் வரும்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நாங்கள் இருவரும் தினம் ஒரு சங்கீதம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மாற்றி மாற்றி வாசித்தோம். 88-ஆம் சங்கீதம் வந்தது. துக்கப்பட்டவன் இரவும் பகலும் கூப்பிடுகிறான், பதில் இல்லை. நண்பர்களும் அகன்று போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியில் துதி இல்லை, ஆறுதல் இல்லை. வாசித்து முடித்ததும் நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் அமைதியாக இருந்தாள். "இப்படியும் ஒருத்தர் ஜெபம் பண்ணியிருக்காரா? இதையும் வேதத்துல சேர்த்து வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். "அப்ப நான் ஒண்ணும் தப்பு பண்ணலை." மறுநாள் ஃபிரிட்ஜ் மேலிருந்த அட்டையை அவளே எடுத்துவிட்டாள். கிழிக்கவில்லை. எரேமியா 30-ஆம் அதிகாரத்தில் அடையாளமாகச் சொருகி வைத்தாள். அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். குற்ற உணர்வோடு போகவில்லை என்பது எனக்கு மிச்சம்.

ஆகவே நண்பர்களே, நாளைக் காலை உங்களுக்கு ஒரு வசனம் வந்தால் ஆமென் போடுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியை எடுங்கள், புத்தகத்தைத் திறங்கள், அந்த அதிகாரத்தை முழுக்கப் படியுங்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று என் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்த வசனம் ஒரு நோயாளிக்கு ஏற்றது என்று தோன்றினால், அனுப்பவேண்டாம். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போய், முதலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.