அழுக்குத் தெரியாதாம்!

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு டைல்ஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழும் வசனம் இதுதான்: "இந்த டிசைன் எடுத்துக்கோங்க சார், அழுக்கே தெரியாது." கிச்சனுக்கு டீ கப்பும் பழக்கூடையும். பாத்ரூமுக்கு டால்பினும் கூழாங்கல்லும். மேலே லைட், கீழே டார்க், நடுவில் ஒரு ஹைலைட்டர். வீடு கட்டுகிறவரும் தலையாட்டிவிடுகிறார்.

அழுக்கு தெரியாமல் இருப்பது எப்படி அய்யா ஒரு தகுதியாகும்? சமைக்கிற இடத்திலும் குளிக்கிற இடத்திலும் அழுக்கு தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்தால்தானே துடைக்க முடியும்!

இந்தப் பக்கத்துத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் போர் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர். ஒரே நிற டைல்ஸ் என்றால் பளபளப்பு மங்கும்போதே தெரிந்துவிடும், ஈரத்துணியோடு வேலை முடியும். கூழாங்கல் படத்துக்கு நடுவே உப்பு ஒளிந்துகொள்ளும். கண்ணில் படும்போது கெட்டிப்பட்டிருக்கும். அப்புறம் ஆசிட். அது உப்பை மட்டுமா தின்னும்? டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சேர்த்துத்தான். அந்த நெடியில் இருமிக்கொண்டே தேய்ப்பது கடையில் தலையாட்டியவர் இல்லை, பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

"அப்போ அழகே வேண்டாமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தாராளமாக வேண்டும். காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடி கல்லில் இல்லாத பூவா? ஆனால் அங்கே பூ என்பது கண்ணாடி மேல் கையால் ஊற்றிய வண்ணச் சிமெண்ட். துடைக்கத் துடைக்க, நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். குஜராத் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸில் இருப்பது மேல்தோலில் ஒரு படம். கம்ப்யூட்டர் பிரிண்டிங் வந்த பிறகு டிசைனை மாற்றுவது ஃபைல் மாற்றுகிற வேலை. மூன்று வருடம் கழித்து ஒரு ஹைலைட்டர் உடைந்தால் அதே டால்பினை எங்கே போய்த் தேடுவது?

ஃபிரிட்ஜ் கதையும் இதேதான். கதவு நிறைய சிவப்புப் பூ. அந்தப் பூவுக்குப் பக்கத்தில், 2006ல் மத்திய அரசு கொண்டுவந்த நட்சத்திர ஸ்டிக்கர் பாவமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று அதில்தான் போட்டிருக்கிறது. இரண்டு ஃபிரிட்ஜுக்கு நடுவே வருடம் 50 யூனிட் வித்தியாசம் என்றாலே 10 வருடத்தில் 500 யூனிட். பூவைப் பார்த்து வாங்கியவர் கரண்ட் பில்லில் அதைக் கட்டுகிறார். டைல்ஸில் அழுக்கை மறைத்த டிசைன் இங்கே கணக்கை மறைக்கிறது, அவ்வளவுதான்.

சேலம் உருக்காலை இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் பொருள் அது. நாளைக்கே தட்டில் பூ பிரிண்ட் போட்டு, "எச்சில் தெரியாது, எடுத்துக்கோங்க" என்று ஒருவர் விற்க வந்தால், யாராவது வாங்குவார்களா?