ராம்சிங் ஆடாத டெஸ்ட்

பேக்கரியில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "ஒரு டெஸ்ட்கூட ஆடாத ஏ.ஜி. ராம்சிங்கை எதுக்குங்கண்ணா இப்படித் தூக்கிவச்சுப் பேசறீங்க?"

1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மைசூரின் 11 விக்கெட்டுகளை 35 ரன்னுக்கு இடக்கைச் சுழலில் சாய்த்தவர் நம் சென்னைக்காரர் ராம்சிங்தான்.

1936 இங்கிலாந்துப் பயணத்துக்கு அவரை எடுக்காதது தேர்வாளர்கள் செய்த தப்பு. அது வேறு கதை. 1939-40-இல் இங்கே வரவேண்டிய இங்கிலாந்து அணி, போர் மூண்டதால் வரவில்லை. 1936 ஆகஸ்ட் முதல் 1946 ஜூன் வரை இந்தியாவுக்கு டெஸ்டே இல்லை. அவருக்கு 26 முதல் 35 வயது. சுழற்பந்துக்காரருக்கு அதுதானுங்க வெள்ளாமைக் காலம்! அந்தச் சைபரை அவர் கணக்கில் எழுத எனக்கு மனசு ஒப்பவில்லை.

மகன் கிருபால்சிங் 1955-இல், முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அதைச் சொன்னதும் தம்பி இன்னொரு டீ சொன்னார்.