தரவரிசைப் போட்டியும் நேயர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சிகளின் டி.ஆர்.பி. மோகத்தைக் கண்டித்துச் சென்ற இதழில் தாங்கள் பிரசுரித்த கட்டுரையின் அபிப்பிராயத்தை முழுமனத்துடன் ஆமோதிக்கிறேன். முகவரி ரகசியமாகக் காக்கப்படும் சில பதினாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு 'பார்க்' என்னும் பார்வையாளர் ஆய்வு அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் டி.ஆர்.பி. எண்களே விளம்பரப் பணம் பாயும் திசையை நிர்ணயிப்பதால், 2020 அக்டோபரில் குறிப்பிட்ட சேனல்களைப் பார்க்குமாறு அக்கருவியுள்ள வீட்டாருக்கே பணம் தரப்பட்டதாக மும்பையில் புகார் எழுவதற்கும், செய்திச் சேனல்களின் தரவரிசை 2022 மார்ச் வரை நிறுத்திவைக்கப்படுவதற்கும் தரவரிசைப் போட்டி இடமளித்தது.

செஞ்சியில் எங்கள் வீட்டில், மறுநாள் மணிலாக்கொட்டையைக் களத்தில் காயப்போடலாமா என்றறிய மழைச் செய்தியைத் தேடி இரவில் சேனலை மாற்றினால், தொடரில் மருமகள் கன்னத்தில் வாங்கும் ஓர் அறையை இடிமுழக்கத்துடன் மும்முறை காட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போகும் காட்சியே எங்கும் தரிசனமாகிறது. ஆனால், எங்கள் தெருவில் எவரிடமும் எவரும் வந்து அபிப்பிராயம் கேட்டதில்லை.

ஆகவே, தரவரிசைப் பட்டியலைப் பிரசுரிக்கும் பத்திரிகைகள், அதன் பக்கத்திலேயே அவ்வாரத்தில் வந்த பிரயோஜனமுள்ள நிகழ்ச்சி ஒன்றின் விமர்சனத்தையும், அது ஒளிபரப்பாகும் சேனல், நேரம் ஆகிய விவரங்களுடன் வெளியிட வேண்டும். அந்த நற்காரியத்தைத் தங்கள் பத்திரிகையே தொடங்கி வைக்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.