கோவாவின் குளிர்கால விருந்தாளிகள்

காலை 6½ மணி. கோவாவில் ஒரு கிராமம். வயல் வரப்பில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மெல்ல நடந்து வருகிறார். காலில் பழைய செருப்பு. கழுத்தில் பைனாகுலர். பின்னால் அவருடைய மனைவி. அந்த அம்மாள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

திடீரென்று இருவரும் நின்றுவிடுகிறார்கள். அசையவில்லை, பேசவில்லை.

எதிரே சேற்றில் ஒரு சின்னக் குருவி. வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிறது. அதன் பெயர் மஞ்சள் வாலாட்டி.

"இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று கேட்கிறீர்களா? ஆம், இதைப் பார்க்கத்தான்!

ஏன் வருகிறார்கள்?

ஜனவரி மாதம் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை 4 மணியைத் தாண்டியதும் இருட்டத் தொடங்கிவிடும். வெளியே கடுங்குளிர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இரண்டு மூன்று மாதம் வெயில் உள்ள ஊரில் போய்த் தங்க நினைக்கிறார்கள். அவர்களில் பலர் கோவாவுக்கு வருகிறார்கள்.

மஞ்சள் வாலாட்டியும் வடக்கே இருந்து வந்த விருந்தாளிதான். அங்கே பனி மூடினால் புழு பூச்சி கிடைக்காது. ஆகவே இரை தேடித் தெற்கே பறந்து வருகிறது. ஆக, ஒரே வரப்பில் இரண்டு விருந்தாளிகள்!

செலவு அதிகமா?

விமான டிக்கெட்டுக்குப் பெரிய செலவுதான். ஆனால் வந்து சேர்ந்த பிறகு செலவைச் சுருக்கலாம்.

கடற்கரை ஓட்டலில் நாள் வாடகை கொடுக்க வேண்டாம். கிராமத்து வீட்டில் ஓர் அறையை மாத வாடகைக்கு எடுக்கலாம். பஸ்சில் போகலாம். மற்றதெல்லாம் நடைதான்.

இங்கே ஆறுகளைக் கடக்க அரசுப் படகு உண்டு. நடந்து வருகிறவர்களுக்கு அதில் கட்டணமே கிடையாது!

ரிபந்தரில் படகு ஏறினால், மாண்டவி ஆற்றைத் தாண்டிச் சோராவ் தீவில் இறங்கலாம். அங்கே சதுப்பு மரக் காடு இருக்கிறது. அதுதான் டாக்டர் சலீம் அலி பறவைச் சரணாலயம். மீன்கொத்திகளுக்குப் பேர்போன இடம்.

சலீம் அலி 1896-ம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1941-ல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம், எத்தனையோ பேருக்குப் பறவைகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. 1987-ல் காலமானார்.

இன்னொரு இடம் கரம்போலி ஏரி. கர்மாலி ரெயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரெயிலை விட்டு இறங்கினால் ஏரிக்கரை! இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, வடக்கே இருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் அங்கே பார்க்கலாம்.

ஒரே ஒரு யோசனை: முதல் வாரத்தில் ஒரு நாள், உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது நல்லது. ஒரு நாள் கற்றது இரண்டு மாதத்துக்கு உதவும். அவருக்கும் பிழைப்பு.

கசான் வயல்

இத்தனை பறவைகளுக்கும் அங்கே சாப்பாடு போடுவது யார்? பெரும்பாலும் விவசாயிதான்!

கோவாவில் ஆற்றோரமாகக் 'கசான்' என்ற வயல்கள் உள்ளன. கடல் ஏறினால் ஆற்றில் உப்புத் தண்ணீர் வரும். அது வயலில் புகாதபடி, முன்னோர்கள் கரை போட்டு மதகு வைத்தார்கள். மழைக்காலத்தில் அங்கே நெல் விளையும். அறுவடைக்குப் பிறகு தண்ணீரை விட்டு மீனும் இறாலும் பிடிப்பார்கள். சேற்றில் புழு இருக்கும். அதைத் தின்ன உள்ளான் வரும். மீனைத் தின்ன கொக்கு வரும்.

ஆபத்து எங்கே?

இந்த வயல்களுக்குத்தான் இப்போது கிராக்கி. டெல்லி, பம்பாய்ப் பணக்காரர்கள் கோவாவில் பங்களா வாங்க ஆசைப்படுகிறார்கள். மனை விலை ஏறுகிறது.

2023-ல் கோவா அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நிலத் திட்டத்தில் 'தவறு' இருந்தால், நிலத்தின் சொந்தக்காரர் மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்றது. இதைக் காட்டி வயல்களும் தோப்புகளும் மனைகளாகின்றன என்று வழக்குத் தொடரப்பட்டது. 2025 மார்ச் மாதம் பம்பாய் ஐகோர்ட்டின் கோவா கிளை, இதற்காக வகுத்த விதிகளை ரத்து செய்தது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

பறவைகளின் கதை என்ன? 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. நீண்ட காலக் கணக்கு கிடைத்த 338 இனங்களில் 100-க்கு 60 குறைந்துவிட்டன என்று அது சொல்கிறது.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் யார் தெரியுமா? பறவை பார்க்கப் போன சாதாரண மனிதர்கள்! 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குறித்துக் கொடுத்த 3 கோடிக் குறிப்புகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்த அம்மாள் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகம் போன்றவைதான் அவை.

எது லாபம்?

2019-ல் கோவாவுக்கு 9 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வந்தார்கள். 2023-ல் வந்தவர்கள் சுமார் 4½ லட்சம். ஏறக்குறைய பாதி!

கூட்டத்தைக் கூட்ட இன்னும் பெரிய ஓட்டல் வேண்டும் என்கிறார்கள் சிலர். ஓட்டலால் வேலை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தலையை மட்டும் எண்ணினால் போதுமா? தங்கும் நாளையும் எண்ண வேண்டாமா? நடந்து பறவை பார்க்கிறவர் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் செலவழிப்பார். ஆனால் 60 நாள் செலவழிப்பார். அந்தப் பணம் வீட்டுக்கார அம்மாளுக்கும், டீக்கடைக்கும், காய்கறிக்காரிக்கும் நேரே போய்ச் சேரும்.

அதற்காக, "வயலை விற்காதே!" என்று விவசாயிக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. கரை உடைந்தால் உப்புத் தண்ணீர் புகுந்து பயிர் கெடும். கூலியும் ஏறிவிட்டது. நெல்லில் மிஞ்சுவது குறைவு. மனைக்காரன் பணத்தை நீட்டும்போது அவர் என்ன செய்வார்?

கரையையும் மதகையும் பழுதுபார்க்க அரசு பணம் கொடுக்க வேண்டும். வரப்பில் நடக்க வருகிற விருந்தாளியின் காசில் வயல்காரருக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். பறவையால் தனக்கு நன்மை என்று கண்டால், வயலை அவரே காப்பார்.

வெயில் ஏறியதும் கிழவரும் மனைவியும் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வாலாட்டியும் வடக்கே பறந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் மூவரும் அதே வரப்பைத் தேடி வருவார்கள்.

அப்போது அங்கே வரப்பு இருக்க வேண்டும்!